சொல்லி அனுப்புகிறோம்

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் நான் பேர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் எழுந்ததும் மனதில் என்ன தோன்றுகிறதோ அதைக் கட்டளையாகப் போட்டுவிடுவார். மத்தியானத்துக்குள் தாம் போட்டதை மறந்தும் விடுவார். மறக்காமல் கிடந்து அல்லாடுவது மற்றவர்கள் பாடு.

அவர் சபையில் வெகுகாலம் இருந்த விகடகவி வயதாகிக் காசிக்குப் போய்விட்டார். அரசரின் வலது காதுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த மெத்தை காலியாகக் கிடந்தது. ஒருநாள் அரசருக்கு அது கண்ணில் பட்டது.

"நமக்கு ஒரு விகடகவி வேண்டும். பழைய விகடங்கள் அலுத்துவிட்டன. ஆகவே வருகிறவன் புதியவனாக இருக்க வேண்டும். ஆனால் புதிதாக வருகிறவர்கள் சபை வழக்கம் தெரியாமல் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியேறுகிறார்கள். ஆகவே இந்த அரண்மனையில் ஏற்கெனவே வேலை பார்த்துப் பழகியவனாகவும் இருக்க வேண்டும்" என்றார் அரசர்.

"சித்தம், அரசே" என்றது சபை. அது எப்படி நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம்.

அந்தக் கட்டளையைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோனவர்கள் மூன்று பேர். பிரதானி மேகவண்ணர், அரண்மனைப் புலவர் நாவினியார், குதிரைப்படைத் தலைவர் துரகராயர். காலி மெத்தையில் யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் அரசர் காதில் என்னென்ன ஓதுவானோ என்ற பயம் மூவருக்கும் இருந்தது. இப்போது அந்தப் பயம் போயிற்று. புதியவனாகவும் பழகியவனாகவும் ஒருவன் எங்கிருந்து வரப்போகிறான்? ஆளெடுக்கும் பொறுப்பை மூவரும் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பறையறைகிறவன் ஊர் ஊராகப் போனான். அவனுக்கு அந்த நிபந்தனை முழுதும் வாயில் நுழையவில்லை. "அரண்மனைக்கு விகடகவி வேண்டும், வருகிறவர்கள் வரலாம்" என்று சுருக்கமாக அறைந்துவிட்டுப் போய்விட்டான். அதைக் கேட்டவர்களில் ஒருவன் சிற்றம்பலம்.

சிற்றம்பலம் ஒரு கூத்துக் குழுவில் கட்டியங்காரன். ராஜா வேஷம் மேடைக்கு வருவதற்கு முன்னால் வந்து, ஊர்க்கதை பேசி, சனங்களைச் சிரிக்க வைக்கிற ஆள். பொய் ராஜாவுக்கு இவ்வளவு செய்கிறோமே, நிஜ ராஜாவுக்குச் செய்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. குழுவின் வாத்தியாரிடம் போய்ச் சொன்னான்.

"போறதுன்னா போ. ஆனா உன் இடத்துல வேற ஆளைப் போட்டுருவேன். திரும்பி வந்து நிக்காதே" என்றார் வாத்தியார்.

சிற்றம்பலம் போனான். மனைவி குழல்வாய்மொழியையும் கூட்டிக்கொண்டு தலைநகர் சத்திரத்தில் இறங்கினான். அங்கே ஒரு விதி உண்டு. வந்து தங்குகிற வழிப்போக்கர்கள் அடுத்த அமாவாசையைத் தாண்டித் தங்கக் கூடாது. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அவர்களுக்குப் போக இருந்த ஒரே இடம் குழல்வாய்மொழியின் அண்ணன் வீடு. அண்ணனுக்கு எண்ணெய்ச் செக்கு இருந்தது. செக்கைச் சுற்றி நடக்க ஓர் ஆள் தேவைப்படுவதாக அவர் ரொம்ப நாளாகவே சிற்றம்பலத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் சிற்றம்பலத்தை அரண்மனை வாசலில் ஒரு கருங்கல்லைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தான். உச்சி வெயில் ஏறியும் ஒருவரும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு வாசனை வந்தது. எழுந்து மூக்கு போன வழியே போனான். அது மடைப்பள்ளியில் போய் முடிந்தது.

மடைப்பள்ளிக்கு மங்களநாச்சி என்று ஒரு அம்மாள் தலைவி. அரசரின் முன்னோர் ஒருவர் போட்டுவைத்த வழக்கத்தை அவள் ஒரு மயிரிழையும் தளர்த்தமாட்டாள். அன்றைக்கு அரண்மனை வேலை செய்தவருக்குத்தான் அங்கே இலை. பந்தியில் உட்காருகிறவர் யாரானாலும், "இன்னிக்கு என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்பாள். பதில் சரியாக இருந்தால் இலை விழும். அரசரையே கேட்பாள். ஒருநாள் அரசர் யோசித்துப் பார்த்து ஒன்றும் தோன்றாமல், ஓடிப்போய் ஒரு வழக்கைத் தீர்த்துவிட்டு வந்து சாப்பிட்டாராம்.

"இன்னிக்கு என்ன வேலை செஞ்சே, தம்பி?" என்றாள் சிற்றம்பலத்தைப் பார்த்து.

"காத்துக்கிட்டிருந்தேன், அம்மா."

"அது வேலையில்லை. எழுந்திரு."

பசியோடு திரும்பி வந்து கல்லில் உட்கார்ந்தான்.

மறுநாள் பிரதானி மேகவண்ணர் அவனை உள்ளே அழைத்தார். "உன் அறிவைச் சோதிக்க ஒரு வழக்கு. ஒரு மயில் இரண்டு தோட்டங்களில் திரிகிறது. இரண்டு தோட்டக்காரர்களும் அது தன்னுடையது என்கிறார்கள். சாட்சி கிடையாது. தீர்ப்பு என்ன?"

சிற்றம்பலம் சொன்னான்: "ஐயா, மயில் யாருடையது என்று கேட்காதீர்கள். அரண்மனைத் தோட்டத்து மிளகாய் நாற்றை ஒரு மயில் மேய்ந்துவிட்டது, அதன் சொந்தக்காரர் நஷ்டம் கட்ட வேண்டும், அது யார் என்று கேளுங்கள். உண்மைச் சொந்தக்காரர் இருந்தால் கட்டுவார். இல்லையென்றால் இருவரும் கைவிடுவார்கள், மயில் அரண்மனைக்கு."

மேகவண்ணர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ம். சொல்லி அனுப்புகிறோம்" என்றார்.

"ஐயா, என் பதில் சரியா தவறா?"

"சொல்லி அனுப்புகிறோம்."

சிற்றம்பலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சரியென்றால் வேலை கொடுக்க வேண்டும். தவறென்றால் போகச் சொல்ல வேண்டும். இது இரண்டும் இல்லையே. குழம்பிக்கொண்டே மடைப்பள்ளிக்குப் போனான். "மயில் வழக்குக்குத் தீர்ப்பு சொன்னேன்" என்றான். மங்களநாச்சி தலையை ஆட்டி, அரசர் கண்ணுக்கு எட்டாத கடைக்கோடியில் இலை போட்டாள். சபையில் இன்னும் வேலைக்குச் சேராதவன், பந்தியில் வேலைக்காரன். அந்தக் குழப்பத்திலேயே ரசத்துக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்டு முடித்தான்.

அடுத்துப் புலவர் நாவினியார் கூப்பிட்டார். "அரசியாரின் பிறந்தநாளை அரசர் மறந்துவிட்டார். அரசியார் கோபமாக இருக்கிறார். நீயாக இருந்தால் என்ன சொல்வாய்?"

"அரசியாருக்கு ஓர் ஆண்டு கூடியது முகத்தில் தெரியவில்லை, அதனால் அரசருக்கும் தெரியவில்லை என்று சொல்வேன், ஐயா."

"மிக எளிமையாக இருக்கிறது" என்று புலவர் முகம் சுளித்தார். "சொல்லி அனுப்புகிறோம்."

பிறகு துரகராயர். அரசருக்கு வந்த புதுக்குதிரை கோட்டை வாசலைத் தாண்ட மறுக்கிறது, என்ன செய்வாய் என்றார். "திருப்பி நிறுத்திப் பின்பக்கமாக நடத்துங்கள், ஐயா. அரசர் கேட்டால், குதிரைக்கும் சபை வழக்கம் தெரியும், உங்களுக்கு முதுகு காட்டாமல் வெளியேறுகிறது என்று சொல்லுங்கள்" என்றான். சபை வழக்கமெல்லாம் பந்திப் பேச்சில் அவன் காதில் விழுந்திருந்தது. துரகராயர் மீசையைத் தடவினார். அப்புறம் அவரும் அதையே சொல்லி அனுப்பினார், அதாவது, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

இப்படியே போயிற்று. மாற்றி மாற்றிக் கூப்பிடுவார்கள், கேட்பார்கள், அனுப்பிவிடுவார்கள். சிற்றம்பலம் கல்லுக்கும் பந்திக்குமாக அலைந்தான். தனக்குப் புத்தி மட்டோ, அல்லது பெரிய இடத்துப் பழக்கமே இப்படித்தானோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. சத்திரத்துக் காவலாள் அவர்கள் மூட்டையைப் பார்த்துப் பார்த்துக் கனைத்துவிட்டுப் போனான்.

ஒருநாள் சோறு போடும்போது மங்களநாச்சி தானாகப் பேச்சைத் தொடங்கினாள். "உன்கிட்ட ஒன்னு கேக்கணும் தம்பி. மயில் தீர்ப்பு நீ சொன்னதுன்னே. ஆனா அன்னிக்குச் சாயங்காலம் சபையில அதைப் பிரதானி சொன்னாராம், மகாராஜா விழுந்து விழுந்து சிரிச்சாராம். குதிரை விஷயமும் அப்படித்தான், துரகராயருக்கு முத்துமாலை கெடைச்சுது. உன் பேச்சு எப்படி அவங்க வாய்க்குப் போச்சு?"

சிற்றம்பலத்தின் கை இலையிலேயே நின்றது.

"புலவர் கூட ஒன்னு சொன்னாரு. அரசியம்மாவுக்கு வயசு கூடினது முகத்துல நல்லாத் தெரிஞ்சும் அரசர் பெருந்தன்மையாப் பாக்காம விட்டுட்டாருன்னு."

"நான் அப்படிச் சொல்லலையே."

"அலங்காரம் பண்ணியிருக்காரு. அரசியம்மா அன்னிக்கெல்லாம் சாப்பிடல. புலவருக்கு ஒரு வாரம் சபைப்பக்கம் வரக் கூடாதுன்னு உத்தரவு. அதுக்கப்புறம் மூணு பேரும் ஒரு சொல்லைக்கூட மாத்தறதில்லையாம். குளத்தங்கரையில நின்னு மனப்பாடம் பண்றாங்கன்னு தண்ணி எடுக்கற பொண்ணுங்க சொல்லுது."

சிற்றம்பலம் சத்திரத்துக்கு வந்து குழல்வாய்மொழியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கோபத்தைவிடக் குழப்பம்தான் அவனுக்கு அதிகமாக இருந்தது. "நான் வேலையில இருக்கேனா இல்லையா, நீயே சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒன்னுதான். வாசக்கல்லுல உக்காந்து உக்காந்து உங்க வேட்டி பின்னால தேஞ்சு ஓட்டையாப் போச்சு. கட்டறதுக்கு வேற இல்ல. நாளன்னிக்கு அமாவாசை. ஓட்டை வேட்டியோட அண்ணன் வாசல்ல போய் நிக்க என்னால முடியாது" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. அவனுக்கும் மனசு தாங்கவில்லை.

மறுநாள் அரசருக்கு ஒரு புது யோசனை தோன்றியது. "சமீபமாக நம் சபையிலேயே விகடம் பொங்கி வழிகிறது. தனியாக விகடகவி எதற்கு? அந்தப் பதவியே வேண்டாம். நாளை ஒரு கேள்விக்கு நீங்கள் மூவரும் பதில் சொல்லுங்கள். நம்மைச் சிரிக்க வைப்பவருக்கு அந்த மெத்தை. கேள்வி இதுதான்: உலகத்திலேயே மிக நீளமானது எது?"

மூவருக்கும் மெத்தை மீது ஒரே நேரத்தில் ஆசை வந்தது. ஒருவருக்கொருவர் தெரியாமல் வாசற்கல்லுக்கு வந்தார்கள். முதலில் மேகவண்ணர் வந்து, "இதுதான் கடைசி நேர்முகம். உலகத்தில் மிக நீளமானது எது? அரசர் முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு சொல்" என்றார்.

சிற்றம்பலம் கொஞ்சம் யோசித்தான். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னான். மேகவண்ணர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"கடைசியில் வேட்டி எதற்கு வருகிறது?"

"அங்கேதான் அரசர் சிரிப்பார், ஐயா. மாற்றினால் நான் பொறுப்பில்லை."

மேகவண்ணருக்குப் புலவர் பட்ட பாடு ஞாபகம் வந்தது. மாற்றவில்லை. அவர் போனபின் புலவர் வந்தார், அவர் போனபின் துரகராயர். மூவரும் கேட்டது ஒரே கேள்வி. சிற்றம்பலம் மூவருக்கும் சொன்னது ஒரே பதில். மூவரும் போகும்போது மறக்காமல் சொன்னதும் ஒன்றேதான்.

அமாவாசையன்று சபை கூடியது. மேகவண்ணர் பட்டு வேட்டி சரசரக்க எழுந்தார்.

"அரசே, உலகத்திலேயே மிக நீளமானது, 'சொல்லி அனுப்புகிறோம்' என்கிற பேச்சு. அது தொடங்கிய இடம் எனக்குத் தெரியும், முடிகிற இடம் இன்னும் தெரியவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு அரண்மனை வாசற்கல்லில் உட்கார்ந்து என் வேட்டி பின்புறம் ஓட்டையாகிவிட்டது."

பிரதானி ஓட்டை வேட்டியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாவினியாருக்கு நெற்றி வியர்த்தது. ஆனால் அவரிடம் வேறு சரக்கு இல்லை. எழுந்து அதையே சொன்னார், வேட்டி உட்பட. அரசரின் சிரிப்பு பாதியாயிற்று. துரகராயருக்கு இருவர் சொன்னதும் காதில் விழவே இல்லை, அவர் கண்ணை மூடி மனப்பாடத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். முறை வந்ததும் எழுந்து படைக்குக் கட்டளையிடுகிற குரலில் அதையே முழங்கினார்.

அரசர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நமக்குப் புரியவில்லை. மூவரும் ஒரே வேட்டியையா கட்டிக்கொள்கிறீர்கள்?"

மூவரும் ஒருவர் வேட்டியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி. ஓட்டையைக் காட்டுங்கள்."

காட்டுவதென்றால் திரும்ப வேண்டும். திரும்பினால் அரசருக்கு முதுகு காட்டியதாகும். மூவரும் பாதி திரும்புவதும் பயந்து நேராவதுமாகத் தவித்தார்கள். கடைசியில் அரசரே அனுமதி கொடுத்தார். திரும்பினார்கள். மூன்றும் முந்தாநாள் மடித்த பட்டு. ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"அப்படியானால் அந்த வேட்டி எங்கே?" என்றார் அரசர், தலையைப் பிடித்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து மங்களநாச்சி வாசலில் வந்து நின்றாள். "பந்தி தயார், மகாராஜா. இன்னிக்கு என்ன வேலை செஞ்சீங்க?"

"ஓட்டை வேட்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்."

"அது என் பந்தியில உக்காந்திருக்கு, மகாராஜா. வரச் சொல்லவா?"

சிற்றம்பலம் வந்தான். வணங்கினான். அரசர் நடந்ததைக் கேட்டார். அவன் மயிலில் தொடங்கி வேட்டி வரைக்கும் சொன்னான்.

"ஒரே பதிலை ஏன் மூவருக்கும் கொடுத்தாய்?"

"மூவரும் நேர்முகம் என்று சொல்லித்தான் கேட்டார்கள், அரசே. கேட்கிறவர் மாறினால் பதிலை மாற்றலாமா? வேலை தேடி வந்தவன் எல்லோரிடமும் உண்மையைத்தானே சொல்ல வேண்டும்."

அரசர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீ சொல்வது உண்மையென்றால் திரும்பி ஓட்டையைக் காட்டு."

"மன்னிக்க வேண்டும். அரசருக்கு முதுகு காட்டுவது சபை வழக்கமில்லை."

"இது உனக்கு எப்படித் தெரியும்? புதிதாக வருகிற எவனுக்கும் தெரிவதில்லையே."

மேகவண்ணர் முந்திக்கொண்டார். அவருக்கு இன்னும் ஒரு பிடி மிச்சமிருந்தது. "அரசே, தங்கள் கட்டளையை நினைவுபடுத்துகிறேன். வருகிறவன் புதியவனாக இருக்க வேண்டும், இங்கே வேலை பார்த்தவனாகவும் இருக்க வேண்டும். இவன் வேலை பார்த்தேன் என்றால் புதியவனில்லை. புதியவன் என்றால் வேலை பார்த்தவனில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தகுதியில்லை."

"நாம் அப்படியா சொன்னோம்?" என்றார் அரசர். தாம் சொன்னதைக் கேட்டு அவருக்கே தலை சுற்றியது. "இதற்கு என்ன சொல்கிறாய்?"

"அரசே, இந்த அரண்மனையில் நான் வேலை பார்த்ததற்கு அந்த அம்மாள் போட்ட இலைகளே சாட்சி. வேலை செய்யாதவருக்கு அங்கே இலை கிடையாது என்பது அரசருக்கே தெரியும். ஆனால் அரசர் என் முகத்தைப் பார்ப்பது இன்றைக்குத்தான். மடைப்பள்ளிக்கு நான் பழையவன், தங்களுக்குப் புதியவன். இப்படி ஓர் ஆள் கிடைக்கமாட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த மூவரும் பாடுபட்டு என்னை அப்படி ஆக்கிவிட்டார்கள்."

அரசர் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெடித்தது. கிரீடம் ஒரு பக்கம் சரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரிக்கவும் சபை சிரித்தது. காலி மெத்தையைக் காட்டிச் சிற்றம்பலத்தை உட்காரச் சொன்னார். கோட்டைக்குள் ஒரு வீடும், குழல்வாய்மொழிக்குச் சேலையும், அவனுக்கு ஒரு கட்டு வேட்டியும் கொடுக்க உத்தரவாயிற்று. சிற்றம்பலம் மெத்தையில் உட்கார்ந்த பிறகுதான், தனக்கு நிஜமாகவே வேலை கிடைத்துவிட்டது என்பது அவனுக்கு உறைத்தது. கல்லில் பழகிய உடம்புக்கு மெத்தை ஒரு மாதிரியாக இருந்தது.

மூன்று பேரும் தரையில் விழுந்தார்கள். "எங்கள் பதவி, அரசே?"

அரசர் தம் வலது பக்கம் சாய்ந்தார். "விகடகவி, இவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம்?"

"சொல்லி அனுப்புவோம், அரசே."

அதுவரைக்கும் வாசற்கல்லில் உட்காரும்படி உத்தரவாயிற்று. மூவரும் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போய் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் உச்சிவேளையில் பந்தி போட்டார்கள். அரசருக்குப் பக்கத்தில் சிற்றம்பலம் உட்கார்ந்திருந்தான். பந்தியின் கடைக்கோடியில், வெயிலில் கறுத்த முகத்தோடு மூன்று பேர் வந்து தயங்கி நின்றார்கள்.

"இன்னிக்கு என்ன வேலை செஞ்சீங்க?" என்றாள் மங்களநாச்சி.

துரகராயர் தலையைக் குனிந்துகொண்டார். "காத்திருந்தோம், அம்மா" என்றார்.

அவள் அது வேலையில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சிற்றம்பலம் கையைத் தூக்கினான்.

"இலை போடுங்கம்மா. நான் பார்த்த வரைக்கும் இந்த அரண்மனையில அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது."

அரசருக்குச் சிரிப்பில் புரையேறியது. மங்களநாச்சி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மூன்று இலை கொண்டுவரப் போனாள்.